நான் மாற்றிக் கொடுத்த ஃபைலில் இல்லாத பதினொரு நிமிடங்கள்

வக்கீல் அம்மாவுக்கு,

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் குமாஸ்தாவிடமும் வேண்டாம். அவர் வண்டியில் ஓடும் பாட்டெல்லாம் எங்கள் கடையில் ஏற்றியதுதான். அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். மனதில் கெட்ட எண்ணம் இல்லாமலே வாய்தவறிச் சொல்லிவிடுவார். நீதிபதியிடம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் காட்டுங்கள். அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் காட்டுங்கள்.

அப்பாவின் வாக்குமூலத்தை ஏட்டு எங்கள் கடை மேஜையில் வைத்துத்தான் எழுதினார். நான் பின்னால் நின்று படித்தேன். அது இருந்த மாதிரியிலேயே இதை எழுதுகிறேன்.

நான் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பாட்டு மாற்றித் தரும் கடை வைத்திருப்பவரின் ஒரே மகள். வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கடைக்கு மேலேயே குடியிருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் நீங்கள் கடைக்கு வந்தபோது ஸ்டூலைத் துடைத்துப் போட்டது நான்தான்.

எங்கள் கடையில் நடக்கும் வேலை பின்வருமாறு. ஆட்கள் பாட்டை மெமரி கார்டிலோ போனிலோ கொண்டுவருவார்கள். சிலருடைய ஃபைல் மிகப் பெரிதாக இருக்கும். சிலருடையதை அவர்கள் வண்டியில் உள்ள பாட்டுப் பெட்டி பாடாது. நாங்கள் அவற்றை எம்பி3 ஆக மாற்றி, கார்டில் இருக்கும் பழைய ஃபைலை அழித்துவிட்டு, புதியதை அதே கார்டில் ஏற்றிக் கொடுப்போம். பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் வண்டிப் பெட்டி குழம்பி நின்றுவிடும் என்பதால் அழிப்பது எங்கள் கடை வழக்கம். அசலின் ஒரு பிரதி மட்டும் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கும். டிஸ்க் நிரம்பும்போது அப்பா மொத்தமாகத் துடைப்பார். பதினொரு வயதிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் இந்த வேலையை நான் செய்துவருகிறேன். மாற்றும்போது யாரும் முழுதாக உட்கார்ந்து கேட்பதில்லை. முதல் பத்து வினாடியும் கடைசிப் பத்து வினாடியும் பாடுகிறதா என்று பார்த்துக் கொடுத்துவிடுவோம்.

மாற்றும் சாஃப்ட்வேரில் அப்பா ஒரு டிக் போட்டு வைத்திருந்தார். அந்த டிக் இருந்தால், சத்தம் ஓர் அளவுக்குக் கீழே குறையும் இடங்களையெல்லாம் அதுவே வெட்டி எறிந்துவிட்டு முன்னையும் பின்னையும் ஒட்டிவிடும். இது பஸ் டிரைவர்களுக்காகச் செய்தது. நாங்கள் தொப்பை மாமா என்று கூப்பிடும் டிரைவர் ஒருநாள் கடைக்கு வந்து அப்பாவிடம், "ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு வர்றதுக்குள்ள என் வண்டி சத்தம் கேக்குதுப்பா. அதைக் கேட்டா எவன் உக்காருவான்? பாதி வழியிலயே இறங்கி ஓடிடுவான்" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு அப்பா டிக் போட்டார். அதன் பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

இறந்துபோன அக்கா எங்கள் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேல். காலைக் கூட்டத்தில் அவர் பாடினால் கடைசி வரிசைக்கும் கேட்கும், அதனால் மைக் அக்கா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவரோடு நான் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறேன். கையடக்க ரெக்கார்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு பேட்டரி வாங்கக் கடைக்கு வந்தார். பழைய ரெக்கார்டர். பாட்டு வாத்தியார் பிள்ளைகளுக்கு முறைவைத்துக் கொடுப்பது. பாடுவதைப் பதிந்து வீட்டில் போட்டுக் கேட்டுத் தப்பைத் திருத்திக்கொள்ள வேண்டுமாம். "இதுல என் குரலைக் கேட்டா பூனை தும்முற மாதிரி இருக்குடி. இதைக் கேட்டுத் திருந்தணுமாம்" என்று சொல்லி, என்னையும் ஒரு வார்த்தை பேசச் சொல்லிப் பதிந்து போட்டுக் காட்டினார். என் குரல் இன்னும் மோசமாக இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் வாத்தியார் பாட்டுச் சொல்லித்தரும் மாடி அறையின் வராந்தாவிலிருந்து மைக் அக்கா கீழே விழுந்து இறந்துபோனார். வராந்தாக் கம்பி அடியோடு முறிந்திருந்தது. அப்போது அங்கே வேறு பிள்ளைகள் யாரும் இல்லை. வாத்தியார், தான் டீ குடிக்கப் போயிருந்ததாகவும் சத்தம் கேட்டு ஓடிவந்ததாகவும் சொன்னார் என்று மறுநாள் பள்ளியில் பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு இரண்டு நாள் கழித்து ஏட்டு எங்கள் கடைக்கு வந்தார். அப்பா ஒரு கூட்டத்துக்கு ஸ்பீக்கர் கட்டப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். ஏட்டு ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து அந்த ரெக்கார்டரை எடுத்து மேஜையில் வைத்தார். அக்கா விழுந்தபோது அறையில் ஓடிக்கொண்டிருந்ததாம். அதில் உள்ள ஃபைல் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றார்.

"அப்பா வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"ராத்திரி ஆயிடும் சார்."

"ஐயா உடனே கேக்கறாரு. நீயே பண்ணிடுவியா?"

"பண்ணிடுவேன் சார்."

"ஒண்ணும் வெட்டக் கூடாது, ஒண்ணும் சேக்கக் கூடாது. உள்ள இருக்கிறது அப்படியே வரணும். புரியுதா பாப்பா?"

"ஃபைல் வகை மட்டும்தான் சார் மாறும்."

நான் சொன்ன வார்த்தைகள் இவைதான். அதன் பிறகு ரெக்கார்டரின் கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகி, பிரதி எடுத்து, மாற்றினேன். ஏட்டு வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மாற்றியதும் முதல் பத்து வினாடி கேட்டேன். மைக் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டார். கடைசிப் பத்து வினாடியில் யாரோ ஒரு ஆண் குரல், "யாராவது வாங்களேன், யாராவது வாங்களேன்" என்று கத்தியது. எப்போதும் செய்வதுபோலவே, கார்டில் இருந்த பழைய ஃபைலை அழித்துப் புதியதை ஏற்றினேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அழிக்காதே என்றும் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது. ஏட்டு வாங்கிக்கொண்டு, "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டேஷனில் ஃபைல் திறந்தது. பழையதைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை.

மறுநாள் ஏட்டு மறுபடியும் வந்து, மாற்றிக் கொடுத்தவர் வாக்குமூலம் வேண்டும் என்றார். அப்பா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "நான்தாங்க மாத்தினேன்" என்றார். ஏட்டுக்குத் தெரியும், மாற்றியது நான் என்று. அவர் பேனாவை மூடி, திறந்து, அப்பாவின் பெயரை எழுதினார். எந்த மாற்றமும் செய்யாமல் வகையை மட்டும் மாற்றிக் கொடுத்ததாக எழுதி வாசித்துக் காட்டியதும் அப்பா கையெழுத்துப் போட்டார். ஏட்டு போன பிறகு அப்பா அம்மாவிடம், "பொம்பளைப் பிள்ளை பேரு ஸ்டேஷன் பேப்பர்ல எதுக்கு?" என்றார். அன்றைக்கு அப்பா சொன்னதில் ஒன்றுதான் பொய். மற்றது உண்மை என்றே அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அதன் பிறகு வாத்தியாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துபோனது. வாத்தியார், "இந்த வரி சரியா வராம இங்கிருந்து கிளம்பக் கூடாது. இல்லேன்னா நானே தூக்கி வெளியில போட்டுடுவேன்" என்று கத்துகிறார். கதவு படாரென்று சாத்தும் சத்தம். மூன்றே வினாடி. கம்பி முறியும் சத்தம், அக்காவின் சத்தம், கீழே விழும் சத்தம். கதவை உள்ளே தாழ்போட்டுவிட்டுத் தள்ளியிருக்கிறார் என்றார்கள். எங்கள் வகுப்பில் அவரிடம் பாட்டுக்குப் போன பெண் ஒருத்தி, "அவர் தினம் எங்களையெல்லாம் தூக்கிப் போடுவாருடி, நாங்க சிரிப்போம்" என்று சொன்னாள். வேறு யாரோ அவளை அடக்கினார்கள். டீக்கடைக்காரரைக் கேட்டதற்கு, "வந்தாரு. எப்ப வந்தாருன்னா? நான் என்ன கடியாரத்தைப் பார்த்தா டீ ஆத்துறேன்?" என்றாராம். கீழ்வீட்டுத் தையல்காரருக்கு மிஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லையாம். மைக் அக்காவின் அம்மா வாத்தியார் வீட்டு வாசலில் போய் மண்ணை அள்ளி வீசினார். நானும் அன்றைக்கு வாத்தியாரைத் திட்டினேன். அதையும் எழுதுகிறேன்.

அதன் பிறகு மூன்று வாரத்துக்கு முன் வாத்தியார் தரப்பு வக்கீலாக நீங்கள் வந்தீர்கள். மாற்றும்போது ஏதாவது விட்டுப்போக வாய்ப்பு உண்டா என்று அப்பாவிடம் கேட்டீர்கள். "அரிசியை இந்தப் பானையிலிருந்து அந்தப் பானைக்குக் கொட்டுற மாதிரிதாங்க மேடம். பானைதான் வேற, அரிசி அதேதான்" என்று அப்பா சொன்னார். நீங்கள் போன பிறகு தொப்பை மாமா வந்தார். புதுக் கார்டில் பாட்டு ஏற்றச் சொல்லிவிட்டு, "நடுவுல ஈ புகக்கூட இடம் இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். அவர் அதைச் சொன்னதும் எனக்கு அந்த டிக் ஞாபகம் வந்தது. அவர் பாட்டை ஏற்றி அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரில் பழைய ஃபைல்களைத் தேடினேன். ரெக்கார்டர் ஃபைலின் பிரதி அங்கேயே இருந்தது. மாற்றியதும் பக்கத்தில் இருந்தது. அசல் நாற்பத்தொரு நிமிடம். மாற்றியது இருபத்தொன்பது நிமிடம் சொச்சம்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அசலை முழுதாகக் கேட்டேன். வாத்தியார் கத்துகிறார். கதவு சாத்துகிறது. படியில் செருப்புச் சத்தம் இறங்கி இறங்கிக் குறைகிறது. அது முதல் படியிலேயே அளவுக்குக் கீழே போய்விட்டதால் வெட்டுப்பட்டிருக்கிறது. அதன் பிறகு ஃபேன் சத்தம் மட்டும். நான் சத்தத்தை முழுவதும் ஏற்றி வைத்தேன். அக்கா மூக்கை உறிஞ்சுகிறார். தம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறார். அதன் பிறகு தூரத்திலிருந்து, வராந்தாவிலிருந்துதான் இருக்க வேண்டும், அந்த ஒரு வரியை வாய்க்குள்ளேயே பாடிப் பார்க்கிறார். கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் இல்லை அது. தனக்கு மட்டும் பாடுவது. ஏழு தடவை தப்பாக வந்தது. எனக்குப் பாட்டுத் தெரியாது, ஆனால் வாத்தியார் பாடிக் காட்டியது போல இல்லை என்பது தெரிந்தது. எட்டாவது தடவை அப்படியே வந்தது. "ஆங்" என்றார். அதன் பிறகு இரும்பு கிரீச்சிட்டது.

இவ்வளவும் பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடமும் அறையில் வேறு ஆள் மூச்சுகூட இல்லை. வாத்தியார் டீக்கடையில் இருந்திருக்கிறார். யாரும் அக்காவைத் தள்ளவில்லை. துருப்பிடித்த கம்பியில் சாய்ந்திருக்கிறார். நான்தான் பதினொரு நிமிடத்தை எடுத்துவிட்டு வாத்தியாரை அங்கே நிறுத்தியிருக்கிறேன்.

உடனே அசலை ஒரு சின்ன கார்டில் ஏற்றி என் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு அப்பா வந்ததும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் கழற்றி, வயரை அழகாகச் சுற்றி மேஜையில் வைத்தார். அப்பா ஒருநாளும் வயரைச் சுற்றி வைத்ததில்லை.

"இதை யாருக்காவது சொன்னியா?"

"இல்லப்பா. அந்த வக்கீல் மேடத்துக்குச் சொல்லிடலாம்பா."

"என்னன்னு சொல்றது? மாத்தினது நான்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். எதையும் வெட்டலைன்னு போட்டிருக்கேன். ஒரிஜினலை அழிச்சது யாருன்னு கேப்பாங்க. சாட்சியை அழிச்சா என்னன்னு தெரியுமா உனக்கு? என்னை உள்ள வைப்பாங்க. உன்னைக் கூப்பிட்டு வெச்சுக் கேப்பாங்க. நீ அந்த இடத்துல போய் நிப்பியா?"

"வாத்தியார் நிக்கிறாரேப்பா."

அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. என் முன்னாலேயே இரண்டு ஃபைலையும் அழித்து, டிஸ்க்கையும் துடைத்தார். "அந்தாளு அந்தப் பொண்ணைத் திட்டினானா இல்லையா? திட்டினதாலதானே அது அங்க போய் நின்னுச்சு?" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். அதன் பிறகு என் போனை வாங்கிக்கொண்டார். கடையில் என்னைத் தனியாக விடுவதில்லை. பள்ளிக்கு அம்மா கூடவே வந்து கூடவே அழைத்துவருகிறாள். அம்மாவிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. அம்மா, "வாயை மூடிக்கிட்டு இரு தாயே, உன் காலைப் பிடிக்கிறேன்" என்று மட்டும் சொல்கிறாள். கார்டு என்னிடம் இருப்பது இருவருக்கும் தெரியாது.

இதை எழுத வேண்டும் என்று நான் முடிவு செய்தது போன வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் வாத்தியாரின் மனைவி தன் குழந்தையோடு கடைக்கு வந்தார். நாலு வயது இருக்கும். வாத்தியார் பாடிப் பழகியது பழைய போனில் இருக்கிறது, புதுப் போனில் பாடவில்லை, மாற்றித் தர வேண்டும் என்றார். அவரைப் பார்த்ததும் அப்பா, "பின்னாடி வயர் எடுத்துட்டு வர்றேன்" என்று உள்ளே போனார். அவர்கள் கிளம்பும் வரை வரவில்லை.

"இது இல்லாம இவ தூங்க மாட்டேங்குறா. நடுவுல நிறுத்துவாரு, தண்ணி குடிப்பாரு, இருமுவாரு. அதெல்லாம் அப்படியே இருக்கட்டும்மா. சரிபண்றேன்னு எடுத்துடாதே. அது இருந்தாத்தான் அவரு பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்காம் இவளுக்கு" என்றார்.

நான் அந்த டிக்கை எடுத்தேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக எடுத்தேன். மாற்றி முடித்துப் போட்டுக் காட்டியபோது குழந்தை மேஜையில் தாடையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. "அக்கா, இப்ப இருமுவாரு பாரு" என்றது. வாத்தியார் இருமினார். குழந்தை என்னைப் பார்த்து, சொன்னேன் பார்த்தியா என்பதுபோலத் தலையை ஆட்டியது. அவர்கள் போன பிறகும் நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா வயர் எதுவும் இல்லாமல் வெளியே வந்தார்.

நாளைக் காலை பத்து மணிக்கு அப்பா கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறார். இன்று சாயங்காலம் சட்டையை அவரே தேய்த்தார். தேய்க்கும்போது, "எதையும் வெட்டலைங்க. எதையும் வெட்டலைங்க" என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகினார். நாளைக்கு அவர் அப்படிச் சொல்லிவிட்டால் வாத்தியாரால் ஆயுள் முழுக்க வெளியே வர முடியாது என்று ஏட்டு சொன்னதை அம்மா அத்தையிடம் போனில் சொன்னாள்.

உங்கள் ஆபீஸ் எங்கள் பள்ளிக்குப் போகும் வழியில்தான். கதவில் தபால் போடும் ஓட்டை இருக்கிறது. அம்மா செருப்பு தைக்கிறவரிடம் வாரைக் காட்ட ஒரு நிமிடம் நிற்பாள். வாரை நானே அறுத்து வைத்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் இந்த உறையைப் போட்டுவிடுவேன். உள்ளே கார்டு இருக்கும். அதில் உள்ள ஃபைலை யாரிடமும் கொடுத்து மாற்றாதீர்கள். திறக்கவில்லை என்றால் அந்த மாதிரி ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து அதிலேயே போடுங்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எதையாவது வெட்டினாயா என்று அவரிடம் கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்லுவார். எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் எத்தனை வினாடி என்று கேட்டாலும் அப்பா தூக்கத்திலும் சரியாகச் சொல்வார். கணக்கில் அவருக்குப் பொய் சொல்ல வராது. அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் முதலில் பொய் சொன்னார். அழித்தது நான். தண்டனை இருந்தால் எனக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மேலே எழுதியதில் என் கை செய்ததும் என் காது கேட்டதும் தவிர வேறு எதுவும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை. ஒரு தடவை படித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இல்லை, அம்மா என்றால் கூப்பிடுவாள். விளக்கு கதவிடுக்கில் தெரிந்திருக்கும். அப்பா, "திறடி" என்கிறார். சத்தம் போடாமல் சொல்கிறார்.

கார்டைப் பிடுங்கிக்கொண்டாலும் காகிதமாவது உங்களிடம் வர வேண்டும். கணக்கை எழுதிவிடுகிறேன். அசல் 41 நிமிடம் 18 வினாடி. மாற்றியது 29 நிமிடம் 40 வினாடி. அசலில் கதவு சாத்தியது 26:40. கம்பி முறிந்தது 37:51. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த அறையில் அக்காவைத் தவிர